தண்ணீருக்கு முன் மூச்சு

விலாக்கோட்டா,
மார்ச் 9, 1999

நோர்மாவுக்கு,

நீ பத்திரமாக அரெகிப்பா போய்ச் சேர்ந்ததாக பஸ் டிரைவர் வென்செஸ்லாவ் சொன்னார். நீயாக ஒரு வரி எழுதவில்லை. சரி, நானே எழுதுகிறேன். கடையில் இருக்கும் தொலைபேசியில் கூப்பிடலாம்தான். ஆனால் அங்கே பேசினால் மெழுகுவர்த்தி வாங்க வந்தவர்கள்கூடக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். இது அவர்கள் கேட்கக் கூடாத விஷயம்.

சுகாதார நிலையத்தைப் பூட்டிவிட்டார்கள். ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்து, என் கண்ணெதிரே, மாட்டுக் கொட்டகைக்குப் போடுகிற பூட்டைக் கொண்டுவந்து போட்டார்கள். பதினாறு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிற இடத்துக்கு வெளியே நின்று நான் அதை வேடிக்கை பார்த்தேன்.

ஊரில் இப்போது சொல்கிற கதை இதுதான். கார்னிவல் விடுமுறைக்கு வந்த தங்கை பிரசவ அறைக்குள் புகுந்தாள். இலாரியாவின் பிள்ளை துவண்டு பிறந்தது. அப்பன் பெனிக்னோ கிளாஸில் தண்ணீரும் உப்பும் கொண்டுவந்து, உயிர் போவதற்குள் அவசர ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்று பக்கத்தில் வந்தான். தங்கை அவனை முழங்கையால் தள்ளினாள். கிளாஸ் உடைந்தது. பிள்ளை தண்ணீர் படாமலே போனது, பெயர்கூட இல்லாமல். கல்லறைத் தோட்டத்துக்குள் இடமில்லை என்று மலையடியில் புதைத்தார்கள். அந்த வாரமே ஆலங்கட்டி விழுந்து கிழங்கு, கினோவா தானியம் எல்லாம் தரையோடு தரையாகப் போயிற்று.

தண்ணீர் படாத பிள்ளை மேலே போக வழியில்லாமல் மலையில் அலையும், அது அழுதால் ஆலங்கட்டி விழும் என்று நம் வீட்டிலும்தான் சொல்லி வளர்த்தார்கள். நீ நம்புகிறாயா அக்கா என்று கேட்காதே. பூ விட்டிருந்த செடி ஒரு மத்தியானத்தில் கூழாகிக் கிடப்பதைப் பார்த்தால் யாரும் எதையும் நம்புவார்கள்.

ஊர்த் தலைவர் மெலித்தோன் சொன்னது இது: "உன் தங்கச்சி வரட்டும். தண்ணி பட்டுச்சா இல்லையான்னு ஊர் முன்னாடி அவ வாயால சொல்லட்டும். பட்டுச்சுன்னா பிள்ளைய உள்ள கொண்டு வருவோம், பூட்டையும் தெறப்போம்."

கிளாஸ் உடைந்தபோது ஒரு சொட்டுக்கூடவா தெறித்திருக்காது? தெறித்தது என்று சொல்லிவிட்டுப் போயேன். வரப்போகிற குளிர்காலத்தில் ஐந்து பெண்கள் பிள்ளை பெறப் போகிறார்கள். யாரும் என்னிடம் வரப்போவதில்லை. மூச்சுத் திணறுகிற குழந்தையை மூடின கதவைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போவதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிரசவ அறைக்கு உன்னைக் கூப்பிட்டது நான்தான். பட்டணத்து எமர்ஜென்சி வார்டில் தேர்ந்த கை என்று பெருமையடித்துக்கொண்டதும் நான்தான். இப்போது மானம் போய் நிற்பதும் நான்தான்.

வா.

உன் அக்கா,
பிளாசிதா

*

அரெகிப்பா,
மார்ச் 24, 1999

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வர மாட்டேன்.

நடந்தது இது. குழந்தை அழவில்லை, அசையவில்லை. துணியால் துடைத்தேன், வேறு காய்ந்த துணியில் சுற்றினேன், தலையை நேராக வைத்தேன், வாயைச் சுத்தம் செய்தேன். மூச்சு வரவில்லை. மூச்சுப் பையின் மாஸ்க்கை முகத்தில் பொருத்தி அமுக்கினேன். மார்பு எழுந்தது, அதாவது காற்று உள்ளே போனது. இதயம் மெதுவாகக் கேட்டது. இரண்டு விரலால் நெஞ்சை அழுத்தச் சொன்னேன், நீ அழுத்தினாய். நன்றாகத்தான் அழுத்தினாய். பிறகு இதயமும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் நாம் நெடுநேரம் விடவில்லை. அந்தக் குழந்தை வயிற்றுக்குள்ளேயே களைத்துப்போய்த்தான் வெளியே வந்திருக்கிறது. இந்த வார்டிலேயே பிறந்திருந்தாலும் பிழைத்திருக்குமா என்று சொல்ல முடியாது.

பெனிக்னோ கொண்டுவந்தது ஓடைத் தண்ணீர். ஈரமாக இருக்கிற சிசு நிமிடத்தில் குளிர்ந்துவிடும். குளிர்ந்தால் இதயம் திரும்பாது. இது உனக்கும் தெரியும். அவனைத் தள்ளினேன் என்பது உண்மை. சொல்லி விளக்க வாய் ஒழியவில்லை, கையும் ஒழியவில்லை, மீதி இருந்தது முழங்கைதான்.

தண்ணீர் தரையில் விழுந்தது. குழந்தைமேல் படவில்லை. நான் துடைத்து வைத்த குழந்தை, ஒரு சொட்டு பட்டிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்கும். பட்டது என்று சொல்லச் சொல்கிறாய். நாளைக்கு இதயம் துடித்தது என்று சொல்லச் சொல்வாயா?

ஏரிக்கரையில் இருக்கிற அட்வென்டிஸ்டு சபைக்காரர்கள் பச்சைக் குழந்தைக்கு ஞானஸ்நானமே கொடுப்பதில்லை. அவர்கள் நிலத்தில் கிழங்கு விளையாமலா போய்விட்டது? மெலித்தோனிடம் கேட்டுப் பார்.

அந்தக் குழந்தைக்கு நான் செய்ததில் எனக்குச் சந்தேகம் இல்லை. துக்கம் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு.

நோர்மா

*

விலாக்கோட்டா,
மே 17, 1999

நோர்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போடலாம் என்றுதான் நினைத்தேன். காகிதம் நல்ல காகிதமாக இருந்ததால் தப்பித்தது.

நிலையம் திறந்துவிட்டது. எப்படி என்று கேட்காதே. கூட்டத்தில் பேசினேன், ஒத்துக்கொண்டார்கள். உன்னுடைய அட்வென்டிஸ்டுக் கேள்வியையும் மெலித்தோனிடம் கேட்டேன். "அவங்க பாவத்துக்கு அவங்க ஆலங்கட்டி, நம்ம பாவத்துக்கு நம்ம ஆலங்கட்டி"ன்னு ஒரே போடாகப் போட்டுவிட்டார். இதற்கு நீ பட்டணத்தில் படித்ததில் பதில் இருந்தால் எழுது.

இலாரியாவின் பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். மேற்குச் சுவர் ஓரம், காற்று அடிக்காத இடம். பாதிரியார் இலாவேயிலிருந்து வந்து ஜெபம் சொன்னார். ரூபென் என்று பெயர் எழுதிச் சிலுவை நட்டார்கள். இலாரியா முன்பெல்லாம் என்னைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொள்வாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போய்விட்டு வரும்போது நிலையத்தில் வந்து கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். பேசுவதில்லை. நானும் பேச்சுக் கொடுப்பதில்லை.

சளிக்காய்ச்சல் குழந்தைகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாம் பழையபடி, அழுத்தமாகச் சுற்றிக் கச்சை கட்டித்தான் தூக்கி வருகிறார்கள். "அவுருங்கம்மா, நெஞ்சு உள்ள இழுக்குதான்னு பாக்கணும்" என்றால் "குளிருமே"ன்னு சண்டைக்கு வருகிறார்கள். பரவாயில்லை, சண்டை போட ஆள் வருகிறதே.

ஒரு உதவி. மூச்சுப் பையின் சின்ன மாஸ்க் குளிரில் வெடித்துவிட்டது. அங்கே ஒன்று கிடைத்தால் வென்செஸ்லாவிடம் கொடுத்தனுப்பு. அவரிடம் பாலாடைக்கட்டி கொடுத்திருக்கிறேன், வாங்கிக்கொள். வழியில் ஒரு துண்டு அவர் வெட்டித் தின்றிருப்பார், கண்டுகொள்ளாதே.

பிளாசிதா

*

அரெகிப்பா,
ஜூலை 6, 1999

அக்காவுக்கு,

மாஸ்க் மூன்று அனுப்பியிருக்கிறேன். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்துத் துணியில் சுற்றி வை.

வியாழக்கிழமை பூனோ ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்ஸில் ஓர் ஆண் குழந்தை வந்தது. பிறந்து இரண்டு நாள். வலிப்பு. பால் உறிஞ்சவில்லை. கையைத் தூக்கிவிட்டால் தொப்பென்று விழுந்தது. வந்ததும் வழக்கம்போல்தான் பார்த்தோம்: மூச்சுப் பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், சர்க்கரை, கண்மணி. வலிப்புக்கு மருந்து கொடுத்து, சூட்டுப் பெட்டியில் வைத்தோம். பிறந்தவுடன் மூளைக்குக் காற்றுப் போதாமல் இருந்திருக்கிறது என்று டாக்டர் எழுதினார். அதுவரைக்கும் எனக்கு அது ஒரு குழந்தை, அவ்வளவுதான்.

பிறகு தகப்பன் உள்ளே வந்தான். பௌஸ்தினோ. நம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வீடு. என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"நீங்கதானே நோர்மா சிஸ்டர்? ஒரு குறையும் வைக்கல சிஸ்டர். நீங்க இலாரியா புள்ளைக்குச் செஞ்ச மாதிரியே செஞ்சோம். மொதல்ல தண்ணி, அப்புறந்தான் மூச்சு."

நான் என்ன செய்தேன் என்று அவனிடமே கேட்டேன். அவன் சொன்னான். பையை எடுப்பதற்கு முன்பே பஞ்சை நனைத்து நெற்றியில் வைத்து, ஞானஸ்நான வார்த்தையைச் சொல்லி முடித்தேனாம். ஒரே குழந்தைக்கு இரண்டு தடவை கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் பெனிக்னோவைத் தள்ளினேனாம். "உங்க அக்காதான் கூட்டத்துல சொன்னாங்க. ஊரே அழுதுருச்சு சிஸ்டர்."

இவன் குழந்தையும் துவண்டுதான் பிறந்திருக்கிறது. ஞானத் தகப்பன் ஆட்டுப்பட்டியில் இருந்தாராம். ஆள் போய் அவரைக் கூட்டி வந்து, தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை யாரும் பையைத் தொடவில்லை. அந்த அறையில் நீ இருந்தாய்.

உன் பொய் இரண்டு மூன்று மாதத்தில் ஒரு வழக்கமாகி, ஆம்புலன்ஸ் ஏறி என் வார்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. என் பெயரையும் தாங்கிக்கொண்டு.

குழந்தை உயிரோடு இருக்கிறது. வலிப்பு குறைந்திருக்கிறது. அதற்குமேல் இப்போது யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

ஊருக்கு வந்து உண்மையைச் சொல்லப் போகிறேன். லீவு கேட்டிருக்கிறேன்.

நோர்மா

*

விலாக்கோட்டா,
ஜூலை 19, 1999

நோர்மா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எதுவும் செய்யவில்லை. பிறகு நிலையத்தைக் கூட்டிப் பெருக்கினேன். அதற்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆமாம், நான்தான் சொன்னேன். நீ சொல்ல மாட்டேன் என்றாய், யாராவது சொல்ல வேண்டியிருந்தது. பொய் சொல்வது என்று ஆன பிறகு நன்றாகச் சொல்ல வேண்டாமா? முழங்கைக்குக்கூடக் காரணம் கண்டுபிடித்தேன். மெலித்தோன் தொப்பியைக் கழற்றினார். நீ செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாய் என்றும், திட்டினவர்கள் வெட்கப்பட வேண்டும் என்றும் பேசினார்கள். நான் சந்தோஷப்பட்டேன். இப்படி ஒரு முளை விடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பௌஸ்தினோ வீட்டுப் பிரசவத்தில் நான் பையைக் கையில் எடுத்தேன், நோர்மா. எடுக்காமல் இல்லை. அவன் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "உன் தங்கச்சியே தண்ணியத்தானே மொதல்ல வெச்சா? நீயே சொன்னியே!" பஞ்சை நனைத்து நானே வைக்கிறேன் என்றேன். "ஞானத் தகப்பன் இருக்கும்போது நீ எதுக்கு?" என்றார்கள். அவர் வரும்வரை குழந்தையைத் துடைத்தேன், முதுகைத் தேய்த்தேன், சுற்றினேன். கதவைப் பார்த்தேன். கூச்சல் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. கூச்சல் போட்டால் பொய் வெளியே வரும், பூட்டு திரும்ப வரும் என்று பயந்தேன். இதற்குமேல் நீ என்னைத் திட்ட வேண்டிய அவசியம் இல்லை. தினமும் நானே திட்டிக்கொள்கிறேன்.

ஆனால் நீ வந்து உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? ரூபெனைத் தோண்டி எடுப்பார்கள். இதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. தண்ணீர் படாத பிள்ளை உள்ளே கிடக்கிறது என்று தெரிந்தால், அடுத்த விதைப்புக்கு முன் கடப்பாரையோடு போய்விடுவார்கள். மலையடிக்குக்கூட அல்ல, இந்தத் தடவை மலைக்கு அந்தப் பக்கம். இலாரியா அன்றைக்குப் பாதி மயக்கத்தில் கிடந்தாள், அவளுக்கு எதுவும் தெரியாது. அவளுக்கு இருக்கிற ஒரே நிம்மதி அந்தச் சுவர் ஓரம்தான். அதை நீ பிடுங்கப் போகிறாயா?

சொல்லாவிட்டால், அடுத்த பிள்ளையும் ஞானத் தகப்பனுக்காகக் காத்துக்கிடக்கும். அதுவும் எனக்குத் தெரிகிறது. ஒன்றைக் காப்பாற்றப் போனால் இன்னொன்று போகிறது. எனக்கு வழி தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் வா. இல்லையென்றால் வராதே.

பௌஸ்தினோவின் பிள்ளை எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது.

பிளாசிதா

*

விலாக்கோட்டா, நிலையத்து மேஜையிலிருந்து
ஆகஸ்ட் 15, 1999, ஞாயிறு

அக்காவுக்கு,

வந்து பார்த்தால் நீ இல்லை. ரத்தப்போக்கோடு ஒரு கர்ப்பிணியை இலாவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பதாகச் சொன்னார்கள். சாவி அடுத்த வீட்டில் இருந்தது. நான் சாயங்கால பஸ்ஸில் திரும்ப வேண்டும். அதனால் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். உன் சூன்யோ உலர்கிழங்குக் கஞ்சியில் பாதியைக் குடித்துவிட்டேன்.

முதலில், பௌஸ்தினோவின் பிள்ளை பால் உறிஞ்சுகிறது. வீட்டுக்கு அனுப்பப் போகிறோம். இடது கை கொஞ்சம் மந்தம். உட்கார வேண்டிய வயதில் உட்காருமா, நடக்க வேண்டிய வயதில் நடக்குமா என்று போகப்போகத்தான் தெரியும். இதை அவனிடம் அப்படியே சொல்லியிருக்கிறேன்.

இன்றைக்கு பூசை முடிந்து கூட்டம் கூடியது. பஸ்ஸில் வரும்போது நான் சொல்ல வேண்டியதை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். தண்ணீர் படவில்லை, அக்கா சொன்னது தவறு, பிள்ளைகளைக் காத்திருக்க வைக்காதீர்கள். மூன்றே வாக்கியம். எழுந்து நின்றேன். முதல் வரிசையில் இலாரியா உட்கார்ந்திருந்தாள். கையில் தோட்டத்துக்குக் கொண்டுபோகிற பூ.

என்னால் சொல்ல முடியவில்லை. வாயில் வந்தது வேறு.

"எங்கக்கா வெந்நீர் எடுக்கப் போயிருந்தா. வந்து பாத்ததவெச்சு வரிசைய மாத்திச் சொல்லிட்டா. நான் மொதல்ல மூச்சுதான் குடுத்தேன். குடுத்துக்கிட்டே இருக்கும்போதுதான் ஈரப் பஞ்ச நெத்தியில வெச்சேன், வார்த்தையச் சொன்னேன். பையில இருந்த கைய எடுக்கவே இல்ல. மூச்சு நிக்கக் கூடாது. மூச்சு இருந்தாத்தானே ஞானஸ்நானம் ஒட்டும்? செத்த புள்ளைக்குத் தண்ணி ஊத்தி என்ன பிரயோஜனம்?"

கடைசியில் கேட்டது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. ஆனால் அதற்குத்தான் தலைகள் ஆடின. மெலித்தோன் பக்கத்தில் இருந்தவரிடம், "நியாயந்தானே, உசுரு போயிட்டா தண்ணி யாருக்கு?" என்றார்.

அப்போது பெனிக்னோ எழுந்தான். சண்டைக்கு அல்ல, குழப்பத்தோடுதான் கேட்டான். "சிஸ்டர், நான் பக்கத்துலயேதான் நின்னேன். பஞ்ச நான் பாக்கவே இல்லையே?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவளுக்கு இரண்டாவது பொய் உடனே கிடைப்பதில்லை. எனக்குக் கிடைக்கவில்லை. ரூபெனை நானே தோண்டி எடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

இலாரியா உட்கார்ந்தபடியே புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ எங்கய்யா பாத்த? குனிஞ்சு கிளாஸ் சில்லப் பொறுக்கிட்டிருந்த. நான் நேரா அவ கையத்தான் பாத்துட்டுக் கெடந்தேன். ஒரு கை பையில இருந்துச்சு. இன்னொரு கையால பஞ்ச வெச்சா. மொதல்ல மூச்சு, அப்புறந்தான் தண்ணி. நான் பாத்தேன்."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு ஏற்பாடும் பேசி முடிவாயிற்று. வலி எடுத்தவுடனே ஞானத் தகப்பனோ தாயோ அறைக்கு வந்துவிட வேண்டும். நிற்பது குழந்தையின் கால்பக்கம். வெதுவெதுப்பான தண்ணீர், பஞ்சு, நெற்றியில் மட்டும், உடனே துடைத்துவிட வேண்டும். பை அமுக்குகிறவளின் கையை யாரும் பிடிக்கக் கூடாது. வந்து சேராத ஞானத் தகப்பனுக்காகக் காத்திருக்கக் கூடாது, நர்ஸே வைத்துவிடலாம். இதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். எங்கள் வார்டில் படித்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கூட்டம் கலைந்த பிறகு இலாரியா இங்கே வந்தாள். நீ சொன்ன மாதிரியே பெஞ்சில் உட்கார்ந்தாள். நான்தான் பேச்சை எடுத்தேன். அவள் மயக்கத்தில் இருந்ததாக அக்கா எழுதியிருந்தாள் என்றேன்.

"மயக்கமெல்லாம் இல்ல. பிளாசிதாக்கா கூட்டத்துல சொன்னப்பவே எனக்குத் தெரியும். கிளாஸ் ஒடஞ்சதப் பாத்தேன். தண்ணி தரையில போனதப் பாத்தேன். என் புள்ள மேல ஒரு சொட்டு படல."

அவ்வளவு நாளும் அவள் இந்தப் பெஞ்சில் உன் எதிரே உட்கார்ந்து இதைத்தான் சொல்லாமல் இருந்திருக்கிறாள். பிறகு ஏன் எனக்காகப் பேசினாய் என்று கேட்டேன்.

"ஒனக்காக இல்ல" என்றாள். சால்வையை விலக்கி வயிற்றைக் காட்டினாள். நான்கு மாதம் இருக்கும். "ஜனவரில வரும். அவன் கல்லறைத் தோட்டத்துக்குள்ளயே இருக்கணும். இது காத்துக் கெடக்கக் கூடாது. ரெண்டுக்கும் சேத்து ஒரே பொய்தான் இருந்துச்சு. அதையும் நீ பாதியில விட்டுட்ட. மீதிய நான் சொன்னேன்."

பூவை எடுத்துக்கொண்டு மேற்குச் சுவர் பக்கம் போய்விட்டாள். ஜனவரிக்கு நான் வருகிறேன் என்று பின்னாலேயே கத்தினேன். அவள் திரும்பவில்லை, கையை மட்டும் உயர்த்தினாள்.

லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன். பையை நான் அமுக்குகிறேன், நெஞ்சை நீ அழுத்து.

நோர்மா